விலையை மறைத்துவிட்டு விளம்பரத்துக்குக் காசு கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தீபாவளி, தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு என்று பண்டிகை நெருங்கினால் போதும், வெள்ளவத்தை உடுபுடவைக் கடைகள், செட்டியார் தெரு நகைக்கடைகள், கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்தே கேக்கும் பலகாரமும் செய்து விற்கும் பெண்கள் என எல்லோருடைய போஸ்ட்டுகளும் பேஸ்புக்கில் வரிசைகட்டி வருகின்றன. படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. கீழே பலர் "விலை என்ன?" என்று கேட்டிருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்: "இன்பாக்ஸ் பாருங்க." இன்பாக்ஸில் பதில் மறுநாள் பின்னேரம் வரும், அல்லது வரவே வராது. அந்தப் போஸ்ட்டுக்குக் காசு கட்டி, கூடுதல் பேருக்குக் காட்டும்படி பூஸ்ட்டும் செய்திருப்பார்கள். காசு கொடுத்து ஆட்களை அழைத்து வந்து வாசலிலேயே நிறுத்திவைக்கிற வேலை இது.

சிறு வணிகங்களின் சமூக ஊடகப் பக்கங்களைப் பராமரிப்பது எங்கள் தொழில். விளம்பரச் செலவைக் கூட்டுவதற்கு முன்னால் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒழுங்கைச் சரிசெய்யுங்கள் என்பதுதான் நாங்கள் கொழும்பின் தமிழ் வர்த்தகர்களுக்குச் சொல்ல விரும்புவது. எப்படிச் சரிசெய்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

விலை போடாததற்கு முதலாளிமார் சொல்லும் காரணம், பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிடுவார் என்பது. அவர் வீட்டுப் போனிலிருந்து ஒரு மெசேஜ் போட்டால் விலை தெரிந்துவிடும். மறைத்ததால் தெரியாமல் போவது வாங்க வந்தவருக்கு மட்டும்தான். அவர் ஐந்து கடைகளின் பக்கங்களை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார். விலையும் அளவும் கண்ணுக்கு முன்னால் இருக்கிற கடையில் நிற்பார், மற்றதைத் தள்ளிவிட்டுப் போவார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி கடைக்குள் விலையைக் காட்சிப்படுத்துகிறோம், போனில் மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்?

தங்க விலை தினமும் மாறுகிறதே என்று நகைக்கடைக்காரர்கள் கேட்பது நியாயம். ஆனால் மாறாதவையும் இருக்கின்றன. எத்தனை பவுண், அதாவது எத்தனை கிராம், 22 கரட்டா இல்லையா, செய்கூலி எவ்வளவு, சேதாரம் எத்தனை சதவீதம் என்பவற்றை எழுதிவிட்டு, "தங்கத்தின் பெறுமதி அன்றைய விலைப்படி" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஒரு பவுண் 8 கிராம் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், மிச்சக் கணக்கை அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

அடுத்தது பதில். சொந்தப் பாவனை இலக்கத்தில் வியாபாரம் நடத்த வேண்டாம். கடைக்கென்று தனி சிம் ஒன்றை கடை உரிமையாளரின் பெயரில் எடுத்து, அதில் 'வட்ஸ்அப் பிஸ்னஸ்' செயலியைப் போடுங்கள். செயலி இலவசம். வேலைசெய்யும் பையனின் இலக்கத்தைப் போஸ்ட்டில் போட்டுவிட்டு, அவர் வேறு இடத்துக்குப் போனபின் வாடிக்கையாளர் அத்தனை பேரையும் அவரோடு அனுப்பிவைத்த கடைகள் இருக்கின்றன. பிரதான போனோடு இன்னும் நான்கு சாதனங்களை இணைக்கலாம் என்பதால் கல்லாவில் ஒருவர், உள்ளே ஒருவர் என்று ஒரே இலக்கத்துக்குப் பதில் சொல்லலாம். பிரதான போனை 14 நாளுக்கு மேல் திறக்காமல் விட்டால் மற்றவை துண்டிக்கப்படும். அந்தப் போனை லாச்சிக்குள் பூட்டிவைத்துவிட்டு ஊருக்குப் போகாதீர்கள்.

அந்தச் செயலியில் பலர் தொடாமலே விட்டிருக்கும் பகுதிகள் மூன்று. முதலாவது கெட்டலொக், அதாவது பொருட்பட்டியல். 500 பொருட்கள் வரை ஏற்றலாம், ஒவ்வொன்றுக்கும் இலக்கம், விலை, பல படங்கள் கொடுக்கலாம். இரண்டாவது குயிக் ரிப்ளை. அடிக்கடி அனுப்பும் பதிலை ஒருமுறை எழுதிச் சேமித்துவிட்டால், சரிவுக்கோடும் ஒரு குறுஞ்சொல்லும் தட்டியதும் முழுப் பதிலும் வந்து நிற்கும். "விலை ரூ. 8,950" என்று மட்டும் அனுப்பினால் அடுத்து நான்கு கேள்விகள் வரும், ஒவ்வொரு கேள்விக்கும் இடையில் வாங்குபவரின் மனம் மாற நேரம் கிடைக்கும். ஆகவே சேமித்த பதில் இப்படி இருக்கட்டும்:

"வணக்கம். சாறி இலக்கம் 114, சொஃப்ட் சில்க். நீளம் 5.5 மீற்றர், பிளவுஸ் துணி 80 சென்ரிமீற்றர் தனியாக உண்டு. விலை ரூ. 8,950. இப்போது மெரூன், கிளிப்பச்சை, நாவல் நிறங்கள் கைவசம் உள்ளன. கொழும்புக்குள் டெலிவரி ரூ. 400. வெள்ளவத்தைக் கடையில் காலை 10 முதல் இரவு 8 வரை நேரிலும் பார்க்கலாம். எந்த நிறத்தை எடுத்து வைக்கட்டும்?"

கடைசிக் கேள்வி முக்கியம். "நன்றி" என்று முடித்தால் உரையாடலும் அங்கேயே முடிந்துவிடும்.

மூன்றாவது லேபல். புதிய ஓடர், பணம் வரவேண்டும், பணம் வந்தது, அனுப்பியாச்சு என்று ஒவ்வொரு உரையாடலுக்கும் நிறம் குத்திவிட்டால், பண்டிகைக்கு முந்திய வாரம் நூறு மெசேஜ் குவிந்தாலும் யாருடைய ஓடர் எங்கே நிற்கிறது என்று தேட வேண்டியதில்லை. இரவு கடை பூட்டும்போது "பணம் வரவேண்டும்" லேபலை மட்டும் திறந்து பாருங்கள். வாங்க மனமிருந்தும் மறந்துபோனவர்கள் அங்கேதான் இருப்பார்கள். மென்மையாக ஒரு நினைவூட்டல் போதும்.

தானாகப் போகும் வரவேற்பு மெசேஜை "எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி" என்று வைப்பதால் பயனில்லை. வீட்டில் கேக் செய்பவர் அதில் மூன்று விடயங்களைக் கேட்கலாம்: எந்தத் திகதிக்கு, எத்தனை கிலோ, எந்த இடத்துக்கு. கூடவே 48 மணித்தியாலத்துக்கு முன் ஓடர் தரவேண்டும், முட்டை சேர்க்காததும் உண்டா, விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேர்கிறதா என்பதையும் எழுதிவிடுங்கள். கொழும்பில் சைவக்காரரும் முஸ்லிம் வாடிக்கையாளரும் முதலில் கேட்பது அதைத்தான்.

பழைய வாடிக்கையாளருக்குப் புதுச்சரக்கைச் சொல்ல, ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் புரோட்காஸ்ட் லிஸ்ட் உதவும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச்சேரும். "அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை" என்று சலித்துக்கொள்பவர்கள் இதை அறியாதவர்களே. பில் கொடுக்கும்போதே "இலக்கத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள், புதுச்சரக்கு வந்தால் அறிவிக்கிறோம்" என்று சொல்லி, சம்மதத்தையும் கேட்டுவிடுங்கள். எங்கோ விலைக்கு வாங்கிய இலக்கப் பட்டியலுக்கு மொத்தமாக மெசேஜ் அனுப்பினால் பெறுபவர்கள் முறைப்பாடு செய்வார்கள், வட்ஸ்அப் உங்கள் இலக்கத்தையே முடக்கும். மொத்தமாக அனுப்பவென்று உத்தியோகபூர்வமற்ற வட்ஸ்அப் செயலிகளைப் போடுபவர்களுக்கும் இதே கதிதான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. மற்றவருடைய இலக்கம் உங்கள் சொத்து அல்ல.

இனிப் படம். சாறிக் கடைகளுக்குச் சரக்கு திரும்பி வருவதற்கு ஒரு முக்கிய காரணம், நிறம் வேறாக இருக்கிறது என்பது. கடையின் எல்ஈடி வெளிச்சமும் வாசல் வழியே வரும் பகல் வெளிச்சமும் கலந்தால் கமெராவுக்கு எது வெள்ளை என்று பிடிபடாது. மெரூன் கபிலமாகும், நாவல் நிறம் நீலமாகும். படம் எடுக்கும்போது உள்விளக்குகளை அணைத்துவிட்டு, வாசலுக்குக் கிட்ட, நேர் வெயில் படாத இடத்தில் துணியை விரியுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாள். படத்தில் அந்தத் தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் துணியின் நிறமும் தவறு, மறுபடி எடுங்கள். காலி வீதியில் கடற்கரைப் பக்கம் உள்ள கடைகளின் வாசல் கிழக்கைப் பார்த்தது. காலை வெயில் நேரே அடிக்கும் என்பதால் மதியத்துக்குப் பின் எடுப்பது நல்லது. எதிர்ப்பக்கக் கடைகள் மேற்கைப் பார்த்தவை, அவர்கள் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

ஒரு சாறிக்கு நான்கு படங்கள் வேண்டும். முழுச் சாறி, முந்தானை, கரை, நெசவின் பின்பக்கம். கரையின் அகலம் தெரிய அதன்மேல் விரலையோ நாணயத்தையோ வைத்து எடுங்கள். அதோடு மடித்த துணியைக் கையால் மெதுவாக அசைத்து இருபது வினாடிக்குள் ஒரு வீடியோ. துணியின் பாரமும் மினுக்கமும் படத்தில் தெரியாது, அசைவில்தான் தெரியும். போனை நிமிர்த்திப் பிடித்தே எடுங்கள், 1080க்கு 1920 என்ற அளவு ரீல்ஸுக்கும் டிக்டொக்குக்கும் வட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் ஒன்றேதான். கீழ்க் கால்பகுதியில் விலையை எழுதினால் செயலியின் பொத்தான்களும் தலைப்பும் அதை மறைத்துவிடும், நடுவில் எழுதுங்கள். பஸ்ஸில் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் நிறைய என்பதால், வாயால் சொல்வதை எழுத்திலும் போடுவது அவசியம்.

வணிகக் கணக்குகளின் வீடியோக்களில் பிரபல சினிமாப் பாட்டுகளைச் சேர்க்க வேண்டாம். தனிநபர் கணக்குக்குக் கிடைக்கும் பாடல் உரிமை வணிகக் கணக்குக்குக் கிடையாது. ஒலி துண்டிக்கப்படும், சிலவேளை வீடியோவே அகற்றப்படும். பாட்டுக்குப் பதிலாக உங்கள் குரலில் விலையையும் அளவையும் முதலில் தமிழிலும் பிறகு சிங்களத்திலும் சொல்லுங்கள், அது பாட்டைவிட நன்றாக விற்கும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் அச்சகங்களில் இன்னும் பாமினி எழுத்துருதான் பெரும்பாலும் ஓடுகிறது. நோட்டீசுக்கு அடித்த பாமினி வாசகத்தை அப்படியே பேஸ்புக்கில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறிக் கிடக்கும். அதைத் தவிர்க்கப் பலர் நோட்டீசையே படமாகப் போட்டுவிடுகிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடல் ஒழுங்காகக் கண்டெடுப்பதில்லை, பார்வைக் குறைபாடு உள்ளவரின் போன் அதை வாசித்துக் காட்டுவதும் அரிது. போனிலுள்ள தமிழ் விசைப்பலகையில் எல்லாப் போனிலும் ஒரேமாதிரித் தெரியும் யூனிகோடில் நேரடியாகத் தட்டுங்கள். பொருளின் பெயரையும் "வெள்ளவத்தை", "கொழும்பு 06" போன்ற இடப்பெயரையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒவ்வொரு வரி எழுதுங்கள். சிங்கள வரியை மொழிபெயர்ப்புச் செயலியில் எடுத்து அப்படியே போடாமல், கடையில் சிங்களம் தெரிந்த ஒருவருக்கு வாசித்துக் காட்டியபின் போடுங்கள்.

இவ்வளவும் ஒழுங்கான பின்தான் விளம்பரம். போஸ்ட்டின் கீழ் இருக்கும் பூஸ்ட் பொத்தானை அவசரத்தில் அமர்த்தினால், பெரும்பாலும் லைக் போடக்கூடியவர்களுக்கே போஸ்ட் போகும். லைக் போடுகிறவர் வேறு, வாங்குகிறவர் வேறு. பேஸ்புக்கில் விளம்பரங்களை நிர்வகிக்கும் அட்ஸ் மனேஜருக்குள் போய், நோக்கம் என்ற இடத்தில் மெசேஜ் வருவதைத் தெரிவுசெய்து வட்ஸ்அப்பை இணையுங்கள். அடுத்து இடம். மாற்றாமல் விட்டால் முழு இலங்கைக்கும் போகும், வெள்ளவத்தை கேக்கை மட்டக்களப்பில் இருப்பவர் பார்த்து என்ன செய்வது? வரைபடத்தில் ஊசியைக் குத்தி கிலோமீற்றரைக் கொடுக்கலாம். இங்கே கொழும்புக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வெள்ளவத்தையில் ஊசி குத்தி 5 கிலோமீற்றர் வட்டம் போட்டால் பாதி வட்டம் கடலுக்குள் விழுகிறது. ஊசியைக் கிருலப்பனைப் பக்கமாகக் கிழக்கே தள்ளிக் குத்தினால் அதே வட்டத்துக்குள் கடல் குறைந்து நிலப்பகுதி கூடும். மொழி என்ற இடத்தில் 'தமிழ்' என்று மட்டும் கொடுக்காதீர்கள், போனை ஆங்கிலத்தில் வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் விடுபட்டுப்போவார்கள்.

விளம்பரம் பலித்ததா என்பதற்கு லைக்கை எண்ண வேண்டாம். உதாரணத்துக்கு, ரூ. 3,000 செலவில் 40 மெசேஜ் வந்து அதில் 5 கேக் ஓடர் ஆனால், ஓர் ஓடருக்கு ரூ. 600 போயிருக்கிறது. அந்தக் கேக்கில் உங்கள் கைக்கு மிஞ்சுவது ரூ. 900 என்றால் தொடரலாம், ரூ. 500 என்றால் நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு முன் 40 பேரில் 35 பேர் ஏன் போனார்கள் என்று உரையாடல்களைத் திறந்து வாசியுங்கள். பதில் தாமதமா, டெலிவரிக் கட்டணமா, விலையா என்று அங்கேயே எழுதியிருக்கும்.

கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவதற்குக் காசு இல்லை, ஆனாலும் பலர் செய்வதில்லை. பெயர்ப்பலகையில் உள்ள பெயரை மட்டும் கொடுங்கள். "மலிவு சாறி வெள்ளவத்தை" என்று பெயரோடு ஒட்டினால் கணக்கை இடைநிறுத்துவார்கள். ஊசியைக் கட்டடத்தின் நடுவில் குத்தாமல் வாசலில் குத்துங்கள். போயா தினத்திலும் பண்டிகை நாளிலும் எப்போது திறப்பு என்று முன்கூட்டியே மாற்றிவையுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் இங்குள்ளவர்களுக்காக ஓடர் கொடுப்பது நம்மவர்களுக்கு வாய்த்த நல்ல சந்தை. கொழும்பில் இரவு 8 மணி என்றால் கோடைகாலத்தில் லண்டனில் பிற்பகல் 3.30, ரொறன்ரோவில் காலை 10.30. குளிர்காலத்தில் இரண்டிலும் ஒரு மணித்தியாலம் குறையும். அவர்களுக்கான போஸ்ட்டை அந்த நேரத்தில் போட்டு, ஒருவர் போனோடு இருக்க வேண்டும்.

பணம் பெறும்போது கவனம். வங்கி ஸ்லிப்பின் படத்தைப் பார்த்துப் பொருளை அனுப்பக்கூடாது, போனிலேயே போலி ஸ்லிப் தயாரிக்கலாம். உங்கள் வங்கிச் செயலியில் மீதியைப் பார்த்தபின் அனுப்புங்கள். செயலி வழியாக உடனடியாக அனுப்பும் பணம் விடுமுறை நாளிலும் வந்துசேரும், ஆகவே "அனுப்பிவிட்டேன், திங்கட்கிழமை விழும்" என்றால் விழும்வரை பொறுத்திருங்கள். பணம் பெறுவதற்கு ஓடிபி எனும் ஒருமுறை மட்டும் பயன்படும் இரகசிய இலக்கம் தேவையில்லை, கேட்பவர் திருடர். பொருள் கையில் கிடைத்தபின் காசு தருகிற முறையில் ஆட்கள் வாங்காமல் திருப்பிவிடுவது உண்டு, கூரியர் கட்டணம் இரண்டு பக்கமும் உங்கள் தலையில்தான். டெலிவரிக் கட்டணத்தை மட்டும் முன்பணமாக வாங்கினால் இது பெருமளவு குறையும்.

கடைசியாக, பக்கம் யாருடையது என்ற கேள்வி. பேஜ் செய்துகொடுத்தவர் தன் பெயரில் வைத்துக்கொண்டு, பிணக்கு வந்ததும் கொடுக்க மறுப்பது அடிக்கடி நடக்கிறது. முழுக் கட்டுப்பாடு உரிமையாளருக்கும் அவர் நம்பும் இன்னொருவருக்கும் இருக்க வேண்டும், செய்துகொடுப்பவருக்குக் குறைந்த அனுமதி போதும். இருவரும் கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள், வட்ஸ்அப்புக்கு ஆறு இலக்க இரகசிய எண்ணும் (PIN) போடுங்கள். "உங்கள் பக்கம் பதிப்புரிமை மீறியதால் முடக்கப்படும், இந்த லிங்கை அழுத்துங்கள்" என்று பேஸ்புக் நிறுவனத்தின் பெயரில் மெசஞ்சரில் வருவது கடவுச்சொல்லைத் திருடுகிறவர்களின் வேலை.

பேஸ்புக்கை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. இந்நாட்டில் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுவதும் மணிக்கணக்கில் நின்றுபோயின. அன்றைக்கு ஓடரை ஒப்படைக்க வேண்டியவரின் தொலைபேசி இலக்கமும் விலாசமும் உங்கள் கொப்பியில் இருந்தால் அழைத்துப் பேசி வேலையை முடிக்கலாம். ஒவ்வொரு ஓடரையும் பெயர், இலக்கம், விலாசம், பொருள், திகதி என்று ஒரு வரியில் கையால் எழுதுவதற்கு அரை நிமிடம் போதும்.

வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை வர்த்தக சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு பிற்பகலில் இரண்டு மணித்தியாலம் தமிழில் செய்முறை வகுப்பு வையுங்கள். மேடைப் பேச்சு வேண்டாம். வருபவர் தன் போனோடும் பத்துப் பொருட்களோடும் வரட்டும், எழுந்து போகும்போது பத்துப் பொருட்களும் விலையோடு கெட்டலொக்கில் இருக்கட்டும். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களுக்கு முதலிடம் கொடுங்கள், அவர்களுக்கு இதைக் கேட்டறிய இடமே இல்லை. தங்கள் பத்திரிகை அந்த வகுப்புகளின் திகதியையும் இடத்தையும் முன்கூட்டியே வெளியிட்டு உதவ வேண்டும். கற்பிக்க நாங்கள் கட்டணமின்றி வரத் தயார்.

இப்படிக்கு,
சிறு வணிகங்களின் சமூக ஊடகப் பக்கங்களைப் பராமரிப்போர் சிலர்,
கொழும்பு 06.